செஸ்ஸில் ஆரம்பநிலையைத் தாண்ட: எதை முதலில் படிப்பது, எதைத் தள்ளிவைப்பது

காய்கள் எப்படி நகரும் என்று தெரியும். கேஸ்லிங் தெரியும், ‘என் பாஸான்’ என்ற சிப்பாய் வெட்டு கூடத் தெரியும். ஆனாலும் பத்து ஆட்டம் ஆடினால் ஏழெட்டுத் தோல்வி. இந்தக் கட்டத்தில் இருக்கும் பெரும்பாலோர் உடனே தேடிப் போவது ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க நகர்வுகள்) பாடங்களைத்தான். சிசிலியன் டிஃபென்ஸில் பதினைந்து நகர்வு மனப்பாடம் செய்கிறார்கள். எதிராளி நான்காவது நகர்விலேயே வேறு வழியில் திரும்பிவிடுகிறார், மனப்பாடம் அங்கேயே முடிந்துபோகிறது. எட்டாவது நகர்வில் ஒரு குதிரை சும்மா பறிபோகிறது.

ஆரம்பநிலை ஆட்டங்கள் எந்த இடத்தில் தோற்கின்றனவோ அந்த இடத்திலிருந்து படிப்பைத் தொடங்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது: சும்மா போகும் காய்களைக் காப்பது, பிறகு தந்திரங்கள், பிறகு அடிப்படை மேட்களும் சிப்பாய் முடிவாட்டங்களும், கடைசியாகத்தான் ஓப்பனிங்.

கீழே வரும் நகர்வுகளைப் போர்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே படியுங்கள். வெள்ளை ஆடுபவரின் இடமிருந்து வலமாகச் செங்குத்து வரிசைகள் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, ஹெச். அவர் பக்கத்திலிருந்து மேலே போகும் கிடை வரிசைகள் 1 முதல் 8 வரை. கட்டத்தின் பெயரைச் சொன்னதும் கண் அங்கே போகவில்லை என்றால் முதல் வாரத்தை அதற்கே ஒதுக்குங்கள். யாராவது ‘எஃப்6’ என்று சொல்ல, நீங்கள் விரலை வைக்க வேண்டும். அது கறுப்பா வெள்ளையா என்று பார்க்காமலே சொல்லவும் வர வேண்டும். தினம் ஐந்து நிமிடம் போதும்.

சும்மா போகும் காய்கள்

எதிராளி நகர்த்தியதும் உங்கள் கை காய்க்குப் போகக் கூடாது. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, இப்போது நகர்ந்த காய் எதைத் தாக்குகிறது? அது விலகியதால் பின்னால் எந்தக் காய்க்கு வழி திறந்தது என்பதும் இதற்குள் அடக்கம். பலர் வந்த காயை மட்டும் பார்த்துவிட்டு, திறந்த வழியைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இரண்டாவது, என் காய்களில் எதற்குக் காவல் இல்லை? ராஜாவைத் தவிர எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். காவல் இல்லாத காய் இரண்டு இருந்தால், ஒரே நகர்வில் இரண்டையும் தாக்கும் இடம் எதிராளிக்கு எங்காவது இருக்கிறதா என்று உடனே தேடுங்கள்.

மூன்றாவது கேள்வி நீங்கள் ஒரு நகர்வை மனதில் முடிவு செய்த பிறகு வருகிறது. இதை ஆடினால் எதிராளி என்னென்ன செக் கொடுக்க முடியும், எவற்றை வெட்ட முடியும், எதை மிரட்ட முடியும்? இந்த வரிசை முக்கியம். முதலில் செக், அடுத்து வெட்டு, கடைசியில் மிரட்டல். ஒரு நகர்வுக்கு இருபது முப்பது வினாடி பிடிக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது கேள்வியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை ஓர் ஆட்டத்தில் பார்ப்போம். வெள்ளை சிப்பாய் ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இப்போது கறுப்பு தன் குதிரையை டி4க்குத் தாவவிடுகிறது. ஈ5 சிப்பாயின் காவல் போய்விட்டது, ஓசியில் கிடைக்கிறதே என்று வெள்ளைக் குதிரை அதை வெட்டுகிறது. கறுப்பு ராணி ஜி5க்கு வந்து ஈ5 குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒருசேரத் தாக்குகிறது. வெள்ளைக்கு இன்னும் ஆசை விடவில்லை. குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டி ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கி ஃபோர்க் போடுகிறது. கறுப்பு ராணி ஜி2வை வெட்டுகிறது. ஹெச்1 யானையைக் காக்க அதை எஃப்1க்கு நகர்த்தினால், ராணி ஈ4 சிப்பாயை வெட்டி செக். வெள்ளை பிஷப்பை ஈ2க்கு இழுத்து மறைக்கிறது. குதிரை எஃப்3, மேட். ஈ2 பிஷப் அந்தக் குதிரையை வெட்ட முடியாது, ஏனென்றால் ராணிக்கும் ராஜாவுக்கும் நடுவே அது கட்டுண்டு நிற்கிறது.

டி4க்கு வந்த குதிரையைப் பார்த்ததும் ‘ஈ5ஐ ஏன் விட்டுவிட்டுப் போகிறார்?’ என்று ஒரு நிமிடம் கேட்டிருந்தால் போதும். எஃப்3 குதிரையால் டி4 குதிரையை வெட்டினால் கறுப்பு ஈ5 சிப்பாயால் திரும்ப வெட்டும். வெள்ளை உடனே கேஸ்லிங் செய்யலாம். கறுப்புக்கு அப்போது வெளியே வந்த காய் ஒன்றுகூட இருக்காது. ஓசியில் தெரியும் எந்தச் சிப்பாய்க்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

வெட்டுவதற்கு முன் எண்ணுவது

சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. இந்த மதிப்பை எல்லோரும் படிக்கிறார்கள், ஆனால் எண்ணுவதில் சறுக்குகிறார்கள். ஒரு கட்டத்தை எத்தனை காய் தாக்குகிறது, எத்தனை காய் காக்கிறது என்று எண்ண வேண்டும். சிப்பாய் போன்ற சிறிய காயை லாபமாக வெட்ட, தாக்குபவை ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் பெரும்பாலும் நஷ்டம் வெட்டுபவருக்கே. மதிப்புக் குறைந்த காயால்தான் முதலில் வெட்ட வேண்டும்.

இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு எஃப்7இல் நடக்கிறது. வெள்ளை பிஷப் சி4இல், குதிரை ஜி5இல் நிற்க, கறுப்பு ஏற்கெனவே கேஸ்லிங் செய்திருக்கிறது. குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டும், யானை குதிரையை வெட்டும், பிஷப் யானையை வெட்டும், ராஜா பிஷப்பை வெட்டும். வெள்ளை கொடுத்தது 3+3. பெற்றது 5+1. கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் யானைக்கு ஓடத் திறந்த வரிசை இல்லை, ஒரு சிப்பாய் மிகுதியும் அங்கே பெரிதாக எதையும் செய்யாது. கறுப்பின் குதிரையும் பிஷப்பும் சேர்ந்து உடனே தாக்க வந்துவிடும். தவிர வெள்ளை வெளியே கொண்டுவந்த இரண்டு காய்களையும் செலவழித்துவிட்டது. இதை ஆடாதீர்கள்.

தந்திரங்கள்: தினம் இருபது நிமிடம்

இந்தப் படிப்பில் பாதிக்கு மேல் நேரம் போக வேண்டிய இடம் இதுதான். ஆரம்பத்தில் ஒரு வகையை எடுத்து அதையே நாள்கணக்கில் போடுங்கள். ஒரு நகர்வு மேட் நூறு, பிறகு ஃபோர்க், ‘பின்’ (பின்னால் இருக்கும் பெரிய காய்க்காக முன்காய் நகர முடியாமல் கட்டுண்டு நிற்பது), ஸ்கியூவர் (முன்னால் நிற்கும் பெரிய காய் விலகப் பின்னால் உள்ளது பறிபோவது), மறைந்திருக்கும் தாக்குதல் (ஒரு காய் விலகப் பின்னால் உள்ள காய் தாக்குவது), காவல் காயை அகற்றுவது, கடைசி வரிசை மேட், அதன் பிறகு இரண்டு நகர்வு மேட். கலவையான புதிர்களுக்குப் போவது அதற்கு அப்புறம். லிசெஸ் தளத்தில் இவை வகை வாரியாகவே கிடைக்கின்றன. கட்டணமும் விளம்பரமும் கிடையாது.

எப்படிப் போடுகிறோம் என்பது எத்தனை போடுகிறோம் என்பதைவிட முக்கியம். முதல் நகர்வு தெரிந்ததும் கிளிக் செய்து பார்க்கும் பழக்கம் பயிற்சியையே கெடுத்துவிடும். எதிராளியின் சிறந்த பதில், அதற்கு உங்கள் பதில், இவ்வளவையும் மனதுக்குள் முடித்த பிறகே கை வைக்க வேண்டும். பத்துக்கு எட்டாவது சரியாக வரும் கடினத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் நீங்கள் ஊகிக்கிறீர்கள் என்று அர்த்தம், கடினத்தைக் குறைக்க வேண்டும். தவறிய புதிர்களைத் தனியே குறித்துவைத்து மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் எத்தனை புதிர் என்கிற ஓட்டப்பந்தயம் பொழுதுபோக்குக்கு நல்லது, இந்த நேரக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

குதிரை ஃபோர்க்கைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, பலருக்குச் சொல்லித்தரப்படுவதில்லை. குதிரை ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றும். கறுப்புக் கட்டத்தில் நிற்கும் குதிரை வெள்ளைக் கட்டங்களை மட்டுமே தாக்கும். ஆகவே எதிராளியின் இரண்டு காய்கள் ஒரே நிறக் கட்டத்தில் நின்றால் மட்டுமே குதிரை அவற்றை ஃபோர்க் போட முடியும். ஈ8இல் ராஜா, ஏ8இல் யானை, இரண்டும் வெள்ளைக் கட்டம். சி7 கறுப்புக் கட்டம். குதிரை அங்கே செக் கொடுத்து இறங்கினால் யானை போய்விடும். உங்கள் ராஜாவும் ராணியும் ஒரே நிறத்தில் நிற்கும்போது எதிராளிக் குதிரை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள இந்தக் கணக்கு உதவும்.

புதிரில் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். எதிராளியின் காவல் இல்லாத காய், திறந்துகிடக்கும் ராஜா, ஒரே கோட்டில் நிற்கும் ராஜாவும் ராணியும், இந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் அங்கே நின்று நேரம் செலவிடுங்கள்.

மேட் போடத் தெரியாமல் டிரா ஆவது

ஒரு ராணி மிகுதியாக இருந்தும் ஸ்டேல்மேட்டில் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர்வு எதுவும் இல்லாமல் போகும் டிரா) முடிவது ஆரம்பநிலையில் அடிக்கடி நடக்கிறது. இரண்டு யானை மேட், ராணி மேட், ஒற்றை யானை மேட் ஆகிய மூன்றும் கை தானாக ஆடும் அளவுக்குப் பழக வேண்டும். சரியாக ஆடினால் ராணி மேட் எந்த நிலையிலிருந்தும் 10 நகர்வுக்குள், ஒற்றை யானை மேட் 16 நகர்வுக்குள் முடியும். சிப்பாய் நகர்வோ வெட்டோ இல்லாமல் இரு தரப்பும் 50 நகர்வு ஆடினால் டிரா கேட்கலாம் என்பது விதி, ஆக அவகாசம் தாராளம்.

ராணி மேட்டை இப்படிப் பழகுங்கள். எதிராளி ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வையுங்கள். ராஜா ஈ5இல் என்றால் ராணி டி3இல். ராஜா எந்தப் பக்கம் நகர்கிறதோ, ராணியும் அதே திசையில் அதே ஒரு கட்டம் நகர வேண்டும். செக் எதுவும் கொடுக்காமலே ராஜா ஓரத்துக்குப் போய்விடும். ஆபத்து மூலையில் இருக்கிறது. கறுப்பு ராஜா ஜி8இல், வெள்ளை ராணி ஈ7இல். ராஜா ஹெச்8க்குப் போகிறது. பழக்க தோஷத்தில் ராணியை எஃப்7க்கு நகர்த்தினால் ராஜாவுக்குப் போக இடமே இல்லை, செக்கும் இல்லை, ஸ்டேல்மேட். ராஜா மூலையைத் தொட்டதும் ராணியை ஈ7லேயே நிறுத்துங்கள். கறுப்பு ராஜா ஹெச்8, ஜி8 என்று இரண்டு கட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அதற்குள் உங்கள் ராஜாவை ஜி6க்கு நடத்திவந்து அடுத்த நகர்வில் மேட் போடலாம்.

பிஷப்பும் குதிரையும் சேர்ந்து போடும் மேட்டை இப்போது படிக்கவே வேண்டாம். மிகக் கடினமானது, ஆட்டத்தில் வருவதும் அபூர்வம்.

சிப்பாய் முடிவாட்டம்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது, கடைசி ஆட்டம். வெள்ளை ஆடிய சீன வீரர் டிங் லிரனிடம் யானை, பிஷப், ஒரு சிப்பாய். கறுப்பு ஆடிய குகேஷிடம் யானை, பிஷப், இரண்டு சிப்பாய். டிரா ஆகக்கூடிய நிலை. 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்து யானைகளை வெட்டிக்கொள்ள அழைத்தார். யானைகள் போனதும் குகேஷ் பிஷப்பை டி5இல் வைத்தார். ஏ8 மூலையில் மாட்டியிருந்த வெள்ளை பிஷப்புக்கு ஒதுங்க இடமில்லை. அதுவும் வெட்டுப்பட, மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும், அந்த நிலை கறுப்புக்கு நேரடி வெற்றி. 58 நகர்வில் ஆட்டம் முடிந்தது. காய்களை வெட்டிக்கொண்டு சிப்பாய் முடிவாட்டத்துக்குள் இறங்குவது திரும்பி வர முடியாத படி. இறங்கும் முன் விடை தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விடைக்கான அடிப்படைகள் மூன்றுதான்.

தனியே ஓடும் சிப்பாயை ராஜா பிடிக்குமா என்று பார்க்கச் சதுர விதி. சிப்பாய் ஏ4இல் இருந்தால் ஏ8 வரை நான்கு கட்டம். அதே அளவு பக்கவாட்டில் எண்ணினால் ஏ4, ஏ8, ஈ8, ஈ4 என்று ஒரு சதுரம் வரும். எதிராளி ராஜா தன் முறையில் இந்தச் சதுரத்துக்குள் நுழைய முடிந்தால் சிப்பாயைப் பிடித்துவிடும். சிப்பாய் இரண்டாவது வரிசையிலேயே நின்றால் இரட்டை அடி வைக்கும், மூன்றாவது வரிசையில் இருப்பதாக எண்ணிச் சதுரம் போடுங்கள்.

இரண்டாவது எதிர்நிலை. இரு ராஜாக்களும் நடுவே ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நின்றால், நகர வேண்டிய முறை யாருடையதோ அவருக்குத்தான் கஷ்டம். வெள்ளை ராஜா ஈ4, சிப்பாய் ஈ3, கறுப்பு ராஜா ஈ6. நகர வேண்டியது கறுப்பு என்றால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளை என்றால் டிரா. இப்போது அதே சிப்பாயை ஈ2இல் வைத்துப் பாருங்கள். வெள்ளை முறையாக இருந்தாலும் சிப்பாயை ஈ3க்குத் தள்ளி முறையை எதிராளி தலையில் கட்டலாம், வெற்றி. சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். ராஜா முன்னே போக வேண்டும், சிப்பாய் பின்னால் வர வேண்டும். ராஜா ஆறாவது வரிசையில் தன் சிப்பாய்க்கு முன்னால் நின்றுவிட்டால், உதாரணமாக ராஜா ஈ6, சிப்பாய் ஈ5, எதிராளி ராஜா ஈ8 என்றால், முறை யாருடையதானாலும் வெற்றி.

மூன்றாவது, ஓரச் சிப்பாய் விதிவிலக்கு. ஏ அல்லது ஹெச் வரிசைச் சிப்பாய் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்க, எதிராளி ராஜா அதன் மூலைக்கு வந்துவிட்டால் டிரா. கூடவே ஒரு பிஷப் இருந்தாலும், அது அந்த மூலைக் கட்டத்தின் நிறத்தில் ஓடும் பிஷப்பாக இல்லாவிட்டால் டிராதான். தோற்கும் பக்கம் இருப்பவருக்கு இது பெரிய ஆயுதம்.

இவற்றை நண்பருடனோ கணினியுடனோ இரு பக்கமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள். படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், ஆடினால்தான் எங்கே முறை தவறுகிறது என்று தெரியும்.

ஓப்பனிங்குக்கு எவ்வளவு?

வெள்ளைக்கு ஒன்று, ஈ4க்கு எதிராக ஒன்று, டி4க்கு எதிராக ஒன்று. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நகர்வு, காரணத்தோடு. வெள்ளைக்கு இத்தாலியன் (ஈ4, ஈ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4), கறுப்புக்கு ஈ4 என்றால் ஈ5, டி4 என்றால் டி5 வைத்துக்கொள்வது நல்லது. நடுவைப் பிடிப்பது, காய்களைச் சீக்கிரம் வெளியேற்றுவது, ராஜாவைப் பத்து நகர்வுக்குள் கேஸ்லிங்கில் ஒதுக்குவது, இவை மூன்றும் அந்த ஆட்டங்களில் வெளிப்படையாகத் தெரியும்.

இரண்டு பொறிகளுக்கு மட்டும் பதில் தெரிந்திருக்கட்டும். ஈ4, ஈ5க்குப் பிறகு வெள்ளை ராணி ஹெச்5க்கு வந்தால் விரட்டுகிறேன் என்று சிப்பாயை ஜி6க்குத் தள்ளாதீர்கள். ராணி ஈ5ஐ வெட்டி செக் கொடுக்கும், ஜி7 காலியாகிவிட்டதால் ஹெச்8 யானையும் போகும். முதலில் குதிரை சி6. பிஷப் சி4க்கு வந்து மேட்டை மிரட்டியதும் இப்போது ஜி6, ராணி எஃப்3க்குப் போனால் குதிரை எஃப்6. இன்னொன்று: இத்தாலியனில் உங்கள் குதிரை எஃப்6க்கு வந்ததும் வெள்ளைக் குதிரை ஜி5க்கு வந்தால், சிப்பாய் டி5. ஈ4 சிப்பாய் அதை வெட்டியதும் எஃப்6 குதிரையால் திரும்ப வெட்டாமல், சி6 குதிரையை ஏ5க்கு நகர்த்தி சி4 பிஷப்பைத் தாக்குங்கள். குதிரையால் வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7இல் தன்னையே பலி கொடுத்து உங்கள் ராஜாவை நடுப்போர்டுக்கு இழுத்துவிடும்.

ஆடுவதும் அலசுவதும்

15 நிமிடம், நகர்வுக்கு 10 வினாடி கூடுதல் என்ற கணக்கில் வாரம் நான்கைந்து ஆட்டம் போதும். மூன்று நிமிட ஆட்டத்தில் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கு நேரமே கிடையாது. கேட்காமல் ஆடும் பழக்கம்தான் அங்கே வளரும்.

ஆட்டம் முடிந்ததும் இஞ்சினை (நகர்வுகளை மதிப்பிடும் செஸ் கணினி நிரலை) திறக்காதீர்கள். முதலில் நீங்களே ஓட்டிப் பார்த்து, எங்கே திரும்பியது, அப்போது என்ன நினைத்தேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். குகேஷை முன்பு பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500ஐ நெருங்கும் வரை அவரை இஞ்சின் பக்கமே விடாமல் பழக்கினார் என்பது செஸ் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், அரை மணி நேரம் தள்ளிப்போட்டால் போதும். பிறகு இஞ்சினில் போட்டு, மதிப்பீடு இரண்டு புள்ளிக்கு மேல் சரிந்த இடங்களை மட்டும் பாருங்கள். 0.3, 0.4 வித்தியாசங்களில் தலையை உடைத்துக்கொள்வது இப்போதைக்கு வீண்.

போர்டில் நேரில் ஆடப் போகிறவர்கள் சில விதிகளை முன்பே பழக வேண்டும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். கேஸ்லிங்கில் ஒரே கையால் முதலில் ராஜாவைத் தொட வேண்டும். நகர்வை ஆடிய பிறகுதான் தாளில் எழுத வேண்டும், முன்பே எழுதக் கூடாது.

அலசும்போது ஒரு நோட்டில் தோல்விக் காரணத்தை ஒரே சொல்லில் குறியுங்கள்: சும்மா போன காய், தவறவிட்ட ஃபோர்க், தவறான வெட்டு, முடிவாட்டம், நேரம், ஓப்பனிங். இருபது ஆட்டம் ஆனதும் எண்ணிப் பாருங்கள். எது அதிகமோ அடுத்த மாதப் படிப்பு அதுதான். ‘சும்மா போன காய்’ இருபதில் இரண்டு மூன்றாகக் குறைந்த பிறகு யானை முடிவாட்டங்களைத் தொடங்கலாம், முதலில் ஃபிலிடோர் நிலை (சிப்பாய் குறைந்த பக்கம் டிரா காப்பது), அதன் பின் லுசேனா நிலை (சிப்பாய் மிகுந்த பக்கம் வெல்வது).